ரெஸ்க்யூல இருந்து டாய் பூடில் எடுத்தோம், உள்ளதை உள்ளபடி ஒரு ரிவ்யூ (சிங்கப்பூர் வீவக வீட்டுக்காரங்களுக்கு)

மொதல்ல மார்க்க சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. நாய்க்கு மார்க் போடல, அத எங்க கைல குடுத்த ரெஸ்க்யூ குழுவுக்குத்தான் இந்த நாலு. ப்ரீடிங் ஃபார்ம்ல குட்டி போட்டுப் போட்டு ஓய்ஞ்சுபோன நாய்ங்கள வாங்கி, டாக்டர்ட்ட காட்டி, வீடு தேடிக் குடுக்குற சின்னச் சின்ன குழுக்கள் இங்க நெறைய இருக்கு, அதுல ஒண்ணு. பேர் போடல, ஏன்னா கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன், அங்க வேலை பாக்குறவங்க எல்லாரும் ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரி உக்காந்து சம்பளமில்லாம பாக்குறவங்க, அவங்கள இழுத்துப் போட்டு ஸ்டார் குறைக்கிற எண்ணம் எனக்கு இல்ல. எந்தக் குழுவுக்குப் போனாலும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

ஏன் பூடில்னா, மொதல் காரணம் ஹெச்டிபி விதி, அதாவது நம்ம அடுக்குமாடி வீடுங்கள பாத்துக்குற அரசாங்க வீவக. வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அவங்க லிஸ்ட்ல இருக்குற 62 வகைல ஒண்ணா இருக்கணும், டாய் பூடிலும் மினியேச்சரும் அதுல வருது, பெருசா இருக்குற ஸ்டாண்டர்ட் பூடில் வராது. சிங்கப்பூர் ஸ்பெஷல்னு நாம சொல்றோமே அந்த உள்ளூர் நாய்ங்களுக்கு 2012ல இருந்து அடோர்னு தனித் திட்டம் இருக்கு, இடமும் நடக்க வைக்க தெம்பும் இருந்தா அதையும் பாருங்க, எங்க அத்தைக்கு முட்டி வலி, பெரிய நாய் இழுத்தா விழுந்துடுவாங்க, அதனால நாங்க அந்தப் பக்கம் போகல. இன்னொரு காரணம் எங்க வீட்டுக்காரர், தூசின்னா போதும் தும்மிக்கிட்டே இருப்பார், பூடிலுக்கு முடி கொட்டாது அலர்ஜி வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. இதுக்கு கீழ வரேன், இந்த முடி விஷயம் தனிக் கதை.

கடையில குட்டி வாங்கலாமான்னு ஒரு ரவுண்டு பாத்தோம். டாய் பூடில் குட்டின்னா ஆயிரக்கணக்குல வெள்ளி. கடைக்காரர் அஞ்சு நிமிஷத்துல குட்டிய தூக்கி பையன் மடியில வச்சுட்டார், இன்ஸ்டால்மென்ட் இருக்குன்னார், பால்கனி இருக்கான்னு கூட கேக்கல. அங்கேருந்து இந்த ரெஸ்க்யூ குழுகிட்ட வந்தா எல்லாம் தலைகீழ். ஃபார்ம் மட்டுமே நாலு பக்கம், வீட்டுல யார் யார் இருக்காங்க, பகல்ல யார் வீட்டுல இருப்பாங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நாய் தனியா இருக்கும், வாடகை வீடா சொந்த வீடா, ஜன்னலுக்கு கிரில் இருக்கா, வெளி கேட்டுல கம்பிக்கு நடுவுல எவ்ளோ இடைவெளி, ஊருக்குப் போனா யார் பாத்துப்பாங்க, ஒரு ஆபரேஷனுக்கு ரெண்டாயிரம் வெள்ளி ஆகும்னு டாக்டர் சொன்னா என்ன பண்ணுவீங்க, இப்படி. எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு "பொண்ணு கேட்டுப் போனப்பக்கூட உங்கப்பா இவ்ளோ கேக்கலயே"ன்னார்.

அதுக்கப்புறம் போன்ல ஒரு அக்கா பேசுனாங்க. குழு ஆன்லைன்ல போட்ட போஸ்ட்ல நாங்க பாத்து ஆசப்பட்ட நாய் ஒரு பிரவுன் கலர் பொண்ணு, வயசு ஆறு ஏழு இருக்கும்னு டாக்டர் கணக்கு, எடை மூணரை கிலோ. அந்த அக்கா அந்த நாயப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமே, ம்ஹூம். பல்லு பாதி இல்ல, மிச்சமும் எத்தனை வருஷம் நிக்கும்னு தெரியாது. பின்னங்கால் முட்டிச்சில்லு ரெண்டு பக்கமும் லேசா நழுவுது, கிரேட் ரெண்டு. டாய்லெட் பழக்கம் கிடையாது. ஆம்பளைங்களப் பாத்தா நடுங்கும். தூக்குனா கட்டை மாதிரி விறைச்சுக்கும். விளையாடத் தெரியாது. குழந்தையோட ஓடிப் பிடிச்சு விளையாடுற நாய் வேணும்னா இது வேணாம், வேற பாருங்க. எனக்கு ஒரு கட்டத்துல சந்தேகமே வந்துடுச்சு, இவங்க குடுக்குறதுக்குப் பேசுறாங்களா இல்ல விரட்டுறதுக்கா. இப்ப யோசிச்சா எனக்கு அந்த போன் கால்தான் மொத்த சர்வீஸ்லயும் பெஸ்ட் பார்ட், ஏன்னா அன்னைக்கு சொன்ன ஒவ்வொண்ணும் அப்படியே நடந்துச்சு, நாங்களும் ரெடியா இருந்தோம். நாலு மார்க்ல மூணு மார்க் அதுக்கே.

இந்த நாய்ங்க எங்கேருந்து வருதுன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாம பாக்குற குட்டிக்கு ஒரு அம்மா இருக்குமில்ல, அது எங்கயோ ஒரு கூண்டுல இருக்கும், பருவத்துக்கு பருவம் குட்டி போடும். வயசாகி குட்டி குறைஞ்சா அதால வருமானம் இல்ல, செலவுதான், அப்பத்தான் குழுக்கள் போய் பேசி எடுத்துட்டு வர்றாங்க. 2022ல ஏவிஎஸ், அதான் விலங்கு விஷயம் பாக்குற அரசாங்க அமைப்பு, ப்ரீடர் லைசன்ஸ் விதிய இறுக்குனாங்க, இந்த வயசுக்கு மேல குட்டி போட வைக்கக் கூடாது, வருஷா வருஷம் டாக்டர் பாக்கணும்னெல்லாம் வந்துச்சு, நல்ல விஷயம்தான். ஆனா கூண்டுலயே வளந்த நாய்க்கு வீடுன்னா என்னன்னே தெரியாது, அத விதி மாத்த முடியாது பாருங்க. எங்களுது வந்த புதுசுல ஃபேன் சுத்துறத பாத்து பயந்துச்சு, குக்கர் விசில் அடிச்சா சோபா அடியில போய்டும், ரூம் நிலைப்படி அரை இன்ச் உயரம்கூட இருக்காது, அதத் தாண்டத் தெரியாம நின்னுச்சு.

பேரு வெல்லம். குழு வச்ச பேரு கோகோ, இந்த ஊர்ல பிரவுன் பூடில்னா பாதி கோகோதான், பார்க்குல ஒரு சத்தம் குடுத்தா நாலு திரும்பும். பையன் மாத்திட்டான்.

அடாப்ஷன் ஃபீ கடை விலையோட பாத்தா ஒண்ணுமே இல்ல, சில நூறு வெள்ளி, அதுக்குள்ள கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து குடுத்து பல் க்ளீனிங், கெட்டுப்போன பல்லப் பிடுங்குனது எல்லாம் அடக்கம். அவங்க பில்ல காட்டுனாங்க, நாங்க குடுத்தத விட பல மடங்கு அவங்க செலவு பண்ணியிருக்காங்க. அதனால "ரெஸ்க்யூன்னு சொல்லிட்டு எதுக்கு காசு கேக்குறாங்க"ன்னு கேக்குறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவ நாய் டாக்டர் பில்ல பாத்துட்டு வந்து பேசுங்க. லைசன்ஸ் நாமதான் ஆன்லைன்ல மாத்திக்கணும், சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் கணக்கு) போட்டு உள்ள போனா பத்து நிமிஷ வேலை, கருத்தடை பண்ண நாய்க்கு வருஷம் 15 வெள்ளி, பண்ணாததுக்கு 90. லைசன்ஸ் இல்லாம வச்சிருந்து மாட்டுனா அபராதம் 5,000 வெள்ளி வரைக்கும் போகும், அதுல சோம்பேறித்தனம் வேணாம்.

வீட்டுக்கு ஆள் வந்து பாத்தாங்க. கேட்டு கம்பி இடைவெளிய கையால அளந்தே பாத்தாங்க, மூணரை கிலோ நாய் நுழைஞ்சிடும்னு சொல்லி கீழ்ப்பாதிக்கு வலை அடிக்கச் சொன்னாங்க, அடிச்சு போட்டோ அனுப்புன பிறகுதான் அடுத்த பேச்சு. இன்னொரு நல்ல காரியம் பண்ணாங்க, அலர்ஜி இருக்குன்னு ஃபார்ம்ல எழுதியிருந்தோம்ல, ஃபாஸ்டர் பண்ற, அதாவது வீடு கிடைக்குற வரைக்கும் நாய வச்சுப் பாத்துக்குற, சீன ஆண்டி வீட்டுக்கு எங்க வீட்டுக்காரர வரச்சொல்லி நாயோட உக்காந்திருக்கச் சொன்னாங்க. அலர்ஜியே வராத நாய்னு ஒரு வகை கிடையாதாம், தும்மல கிளப்புறது நாயோட எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்குற புரதம், பூடிலுக்கு உதிர்ந்த முடி சுருளுக்குள்ளயே சிக்கிக்கிறதால வீடு பூரா பறக்காது, அவ்ளோதான் வித்தியாசம். அவருக்கு பெருசா ஒண்ணும் வரல. உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா இந்த சோதனைய கேட்டு வாங்குங்க, அலர்ஜின்னு சொல்லி திருப்பிக் குடுக்குற நாய்ங்க நெறையவாம்.

வந்த புதுசுல என்ன பண்ணணும்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. கொஞ்சாதீங்க, தூக்காதீங்க, சொந்தக்காரங்கள வரவழைச்சு காட்டாதீங்க, ஒரு மூலையில மூடு போட்ட கூண்டு வச்சு கதவ திறந்தே வைங்க, அதுவா வரட்டும். கூண்டான்னு எங்க அத்தை கோவப்பட்டாங்க, கூண்டுலேருந்துதானே காப்பாத்துனீங்க திரும்ப எதுக்குன்னு, நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணும், நாம பூட்டுறதில்லயே. மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க ரெஸ்க்யூ ஆளுங்க, மூணு நாள் பயத்துல கழியும், மூணு வாரத்துல வீட்டு நேரங்காலம் புரியும், மூணு மாசத்துல இது நம்ம வீடுன்னு படும்னு. எங்களுக்கு அத விட ரொம்பவே இழுத்துச்சு. ஆம்பளைங்கள பாத்தா நடுக்கம்னு சொன்னாங்கல்ல, எங்க வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் தரையில உக்காந்து, அதப் பாக்காம போன நோண்டிக்கிட்டே, பக்கத்துல வேகவச்ச கோழித் துண்டு போட்டு வைப்பார். மொதல்ல அவர் எழுந்து போனப்புறம் வந்து தின்னும், அப்புறம் அவர் இருக்கும்போதே கழுத்த நீட்டி எடுக்கும். இப்ப ராத்திரி அவர் தலகாணியில பாதி அதோடது, எனக்கு இடமில்ல.

டாய்லெட் விஷயம் நொந்துட்டோம், சொல்லிடுறேன். கூண்டுக் கம்பி மேலயே எல்லாம் பண்ணி வளந்ததுக்கு இங்க போ அங்க போன்னு எப்படித் தெரியும். ஹால்ல ஒரு பகுதிய வேலி போட்டு பிரிச்சு தரை முழுக்க ஈரம் உறிஞ்சுற பேட் விரிச்சோம், எந்த எடத்துல அதிகம் போகுதோ அத விட்டுட்டு மத்தத ஒவ்வொண்ணா எடுத்தோம், பேட்ல போன உடனே ஒரு துண்டு கோழி, உடனேன்னா உடனே, பத்து செகண்ட் கழிச்சு குடுத்தா எதுக்கு குடுத்தோம்னு அதுக்கு புரியாது. தப்பான எடத்துல போனா திட்டக் கூடாது, திட்டுனா நம்ம கண் முன்னாடி போகாம கட்டில் அடியில போய் ஒளிஞ்சு போக ஆரம்பிக்கும். துடைக்கிறதுக்கு மார்க்கெட்ல விக்கிற வாசன ஃபினாயில் வேலைக்கு ஆகாது, நமக்குத்தான் வாசனை போகும், அதுக்கு போகாது, நாய்க்குன்னே விக்கிற என்சைம் க்ளீனர் வாங்குங்க. இப்பவும் இடி மழைன்னா அங்கங்க ஒண்ணு ரெண்டு விழும், இந்த ஊர்ல வருஷத்துல கிட்டத்தட்ட பாதி நாள் எங்கயாவது இடி இடிக்குது, பழகிக்கிட்டோம்.

சரி, முடி.

பூடில் முடி உதிராதுன்னு சொல்றவங்க அடுத்த வரிய சொல்றதில்ல, உதிராத முடி வளந்துக்கிட்டே இருக்கும். நம்ம தலைமுடி மாதிரிதான், வெட்டாம விட்டா நிக்காது. உதிர்ற கொஞ்சமும் வெளிய விழாம உள்ள சுருள்ல மாட்டி, முடிச்சு விழுந்து, முடிச்சு மேல முடிச்சு சேர்ந்து ஒரு கட்டத்துல தோலோட ஒட்டி ஜமுக்காளம் ஆயிடும். மேல பாத்தா புசுபுசுன்னு அழகா இருக்கும், விரல உள்ள விட்டாத்தான் தெரியும். அந்த ஜமுக்காளம் தோல இழுக்கும், வலிக்கும், உள்ள காத்து போகாது, இந்த ஊர் புழுக்கத்துக்கு ஈரம் நின்னு தோல் புண்ணாகும். அந்த அளவுக்கு போயிட்டா சீப்பு போட்டு இழுக்கவே கூடாது, மெஷின் போட்டு ஒட்ட எடுக்கிறதுதான் ஒரே வழி. ரெஸ்க்யூ ஆகி வந்தப்ப வெல்லத்துக்கு அப்படித்தான் எடுத்திருக்காங்க, எடுத்த முடி ஒரே பாளமா வந்த போட்டோவ காட்டுனாங்க.

அதனால சீவுறது தினசரி வேலை, பல்லு விளக்குற மாதிரி. ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிசு கம்பிப் பல்லு நெருக்கமா இருக்குறது) ஒண்ணு, இரும்பு சீப்பு ஒண்ணு, ரெண்டும் வேணும். பிரஷ் மேலாப்புல ஓடிடும், அதனால முடிய வகிடு எடுத்து வகிடு எடுத்து தோல் தெரியுற வரைக்கும் பிரிச்சு அடியிலேருந்து சீவணும், கடைசியா சீப்ப வேர்லேருந்து நுனி வரைக்கும் விட்டுப் பாக்கணும், எங்கயும் தடுக்காம வந்தாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். சிக்கு விழற எடம் காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, ஹார்னஸ் வார் உரசுற எடம். குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சிக்கெடுக்கணும், தண்ணி பட்டா முடிச்சு இறுகிடும். குளிச்சப்புறம் துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, ஹேர் ட்ரையர மெதுவான சூட்டுல வச்சு சீவிக்கிட்டே காய வைக்கணும், தானா காயட்டும்னு விட்டா திரும்ப மொதல்லேருந்து. ஆன்லைன்ல விலை கம்மியா விக்கிற ஸ்லிக்கர் ஒண்ணு வாங்குனோம், முனை கூரா இருந்து தோல் சிவந்துடுச்சு, அதத் தூக்கிப் போட்டு கொஞ்சம் விலை கூடுனத வாங்குனோம், இதுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க முழங்கை உள்பக்கத்துல ஒரு தடவ இழுத்துப் பாருங்க, உங்களுக்கு எரிஞ்சா அதுக்கும் எரியும்.

இவ்ளோ பண்ணாலும் நாலு வாரத்துலேருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவ க்ரூமர்ட்ட போயே ஆகணும். எங்க பேட்டையில ஃபுல் க்ரூமிங் 70லேருந்து 100 வெள்ளி. வருஷத்துக்கு பெருக்கிப் பாருங்க, அடாப்ஷன் ஃபீ எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. இன்ஸ்டால பாக்குற உருண்டை மூஞ்சி டெடி பேர் கட் கேட்டீங்கன்னா அது நிக்கணும்னா தினம் ரெண்டு தடவ சீவணும், எங்களுக்கு கட்டுப்படியாகாது, உடம்பு பூரா சின்னதா எடுத்துட்டு காதுலயும் வால்லயும் மட்டும் கொஞ்சம் விடச் சொல்லிடுவோம். அப்படி வெட்டிட்டு வந்த அன்னைக்கு அத்தை பாத்துட்டு "என்னடி இது, கெடா வெட்டுக்கு வச்ச ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு"ன்னாங்க. சொன்ன வாய் மூடல, மடியில தூக்கி வச்சுக்கிட்டாங்க.

க்ரூமர் எடுக்கிறதுல ஒரு விஷயம். மாலுக்குள்ள இருக்குற பெரிய கடைல மொதல்ல போனோம், வரிசையா கூண்டுல நாய்ங்க, எல்லா ட்ரையரும் ஒரே நேரத்துல ஓடுது, காலைல விட்டா சாயங்காலம் வந்து எடுங்கன்னாங்க. கூண்டுல வளந்த நாய திரும்ப நாள் முழுக்க கூண்டுல வச்சா என்ன ஆகும், வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப வீட்டுக்கே வர்ற க்ரூமர், கொஞ்சம் காசு கூட, ஆனா நம்ம கண் முன்னாடி, நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தி பண்றாங்க. ரெஸ்க்யூ நாய் வச்சிருக்கவங்க "ஒரு நாய் முடிஞ்சப்புறம்தான் அடுத்தது" முறையில பண்றவங்களா கேட்டு போங்க. காதுக்குள்ள முடி பிடுங்குறது ரொம்ப பேர் வழக்கமா பண்ணுவாங்க, எங்க டாக்டர் காது நல்லா இருக்கும்போது சும்மா சும்மா பிடுங்கி புண்ணாக்க வேணாம், அடைச்சு அழுக்கு சேர்ந்தா மட்டும் எடுக்கலாம்னார், அதனால க்ரூமர்ட்ட முன்னாடியே சொல்லிடுறோம். தொங்குற காது, உள்ள முடி, வெளிய புழுக்கம், வாரம் ஒரு தடவ மோந்து பாத்துடுங்க, புளிச்ச வாடை வந்தா டாக்டர்தான்.

பல்லு. சின்ன வாய்க்குள்ள 42 பல்லு நெருக்கி உக்காந்திருக்கும், டாய் வகை எல்லாத்துக்கும் இதான் வினை, அழுக்கு கல்லாகி ஈறு வீங்கி பல்லாடி கடைசில தாடை எலும்பு வரைக்கும் அரிக்கும். ப்ரீடிங் நாய்க்கு யார் விளக்கி விட்டா? வெல்லத்துக்கு முன் பல்லு இல்லாததால நாக்கு ஒரு பக்கமா வெளிய தொங்கும், பாக்குறவங்க சிரிக்குதுன்னு போட்டோ எடுப்பாங்க. மிச்சம் இருக்குற பல்லுக்கு விரல்ல துணி சுத்தி நாய் பேஸ்ட் வச்சு ராத்திரி ராத்திரி தேய்க்கிறோம். நம்ம பேஸ்ட் கூடவே கூடாது, சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். மயக்க மருந்து குடுத்து பண்ற டென்டல் இங்க பல நூறு வெள்ளி, பல்லு பிடுங்குனா ஆயிரத்தத் தாண்டும், அதுக்குன்னு மாசம் கொஞ்சம் தனியா எடுத்து வைக்கிறோம். இன்சூரன்ஸ் பாத்தோம், ஏற்கனவே இருக்குற முட்டி பல்லு எதுவும் சேராதுன்னாங்க, விட்டுட்டோம்.

முட்டி பத்தி சுருக்கமா. நடக்கும்போது திடீர்னு ஒரு பின்னங்கால தூக்கி நாலடி நொண்டிட்டு அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுனா அது முட்டிச்சில்லு நழுவி திரும்ப உக்காருது. நம்ம வீவக டைல்ஸ் தரை வழுக்கும், ஹால் முழுக்க ரப்பர் மேட் போட்டோம், சோபாவுக்கு ஒரு படி வச்சோம், எடை கூடாம பாக்குறோம், மூணரை கிலோ நாய்க்கு அரை கிலோ ஏறுறதுன்னா நமக்கு எட்டு ஒம்பது கிலோ ஏறுன கணக்கு. கழுத்துப்பட்டையில கயிறு மாட்டி இழுக்காதீங்க, இந்த சைஸ் நாய்ங்களுக்கு மூச்சுக்குழாய் நாளாக நாளாக தளர்ந்து போற வாய்ப்பு உண்டு, கக் கக்னு இருமும், மார்ல போடுற ஹார்னஸ்தான் சரி. நடந்துட்டு வந்ததும் கழட்டிடணும், இல்லன்னா அக்குள்ல சிக்கு, மேல சொன்னேன்.

சாப்பாட்டுல எங்க வீட்டுச் சண்டை அத்தையோடதான். பாவம் காஞ்ச உருண்டையவே திங்குதேன்னு சாம்பார் சோத்தப் பிசைஞ்சு வைக்கப் பாத்தாங்க. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தச் சிவப்பணுவ உடைக்கும், வேகவச்சாலும் அப்படித்தான், நம்ம வீட்டுல அது இல்லாத குழம்பு எது? திராட்சை, உலர் திராட்சை கிட்னிய அடிக்கும், கேசரி பாயசம் கீழ சிந்துனா ஓடிப் போய் துடைங்க. தீபாவளிக்கு முறுக்கு, நெய்ப் பலகாரம்னு கொழுப்பு ஏறுனா கணையம் வீங்கி ஆஸ்பத்திரில கிடக்கும். கோழி எலும்பு ஆட்டெலும்பு வேகவச்சது குடுத்தா சிம்பு சிம்பா உடைஞ்சு குத்தும். கடைசில ஒரு சமாதானத்துக்கு வந்தோம், உப்பில்லாம வேகவச்ச கோழி, பூசணி, கொஞ்சம் வெறும் இட்லி, இது மட்டும் அத்தை கையால, அதுவும் காஞ்ச உருண்டைய குறைச்சுட்டு. மாசா மாசம் இதயப்புழு மருந்து மறக்கக் கூடாது, இந்த ஊர் கொசுவுக்கு அது முக்கியம், பத்தாவது மாடின்னாலும் கொசு லிஃப்ட்ல வரும்.

லிஃப்ட்டுன்னதும் ஒண்ணு. எங்க தளத்துல ஒரு மலாய் மக்சிக் (ஆண்டி) குடும்பம், ரெண்டு வீடு தள்ளி தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒண்ணு. நாய் எச்சில் பட்டா அவங்களுக்கு கழுவிச் சுத்தம் பண்ற முறை இருக்கு, அதனால லிஃப்ட் வந்தா நான் தூக்கி வச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன், இல்ல நீங்க போங்கன்னு அடுத்த லிஃப்டுக்கு நிப்பேன். வெல்லம் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு வீட்டுலயும் போய் சொல்லிட்டு வந்தோம், ரெஸ்க்யூ குழு பேப்பர்லயே இது போட்டிருந்தது எனக்கு ரொம்ப பிடிச்சுது. பஸ்லயும் எம்ஆர்டி ரயில்லயும் ஏத்த முடியாது, வழிகாட்டி நாய்க்கு மட்டும்தான் அனுமதி, கிராப் டாக்ஸி ஆப்ல நாய்க்குன்னு தனி வண்டி இருக்கு, காசு கூட, அதனால நடந்து போற தூரத்துல டாக்டர் இருக்காரான்னு நாய் எடுக்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. ராத்திரி எமர்ஜென்சி எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்னு நம்பர சேவ் பண்ணி வைங்க. மத்தியானம் நடக்க வைக்காதீங்க, சிமெண்ட் தரையில நம்ம புறங்கைய வச்சு அஞ்சு செகண்ட் தாங்க முடியலன்னா அதால நடக்க முடியாது.

இப்ப குறை, அந்த ஒரு மார்க் எங்க போச்சு. பதில் வர லேட் ஆகும், ரொம்ப லேட், ரெண்டு நீல டிக் விழுந்து நாள்கணக்கா சத்தமிருக்காது, நமக்கு வேற யாருக்கோ குடுத்துட்டாங்களோன்னு அடிச்சுக்கும். போஸ்ட்ல "ரொம்ப அமைதியான பொண்ணு"ன்னு போட்டிருந்தாங்க, இத நான் ஒத்துக்க மாட்டேன், அது பயத்துல வாயடைச்சுப் போய் இருந்துச்சு, பயம் தெளிஞ்சப்புறம் வாசல்ல டெலிவரிக்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாடி முழுக்க கேக்குற மாதிரி குலைக்குது, பூடில் எல்லாத்தையும் கவனிக்கிற ஜாதி, குலைக்கும், அத போஸ்ட்லயே எழுதணும். போன்ல அவ்ளோ உண்மை பேசுற குழு போஸ்ட்ல மட்டும் எதுக்கு இனிக்க இனிக்க எழுதுறீங்க? வாடகை வீட்டுக்காரங்கள எடுத்த எடுப்புல வேணாம்ங்குறதும் எனக்கு சரியாப் படல, வீட்டு ஓனர் கையெழுத்து வாங்கிட்டு குடுக்கலாமே. எங்க ஃப்ரெண்டு ஒருத்திக்கு அப்படித்தான் இல்லன்னுட்டாங்க, எங்கள விட பொறுமையான ஆள் அவ.

ஆனா குடுத்தப்புறம் கைவிடல. மொதல் ராத்திரி விடிய விடிய ஊளை விட்டப்ப மெசேஜ் போட்டேன், அந்த நேரத்துக்கு மட்டும் அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு, ஃபாஸ்டர் ஆண்டியோட பழைய டி-ஷர்ட் ஒண்ணு பைக்குள்ள வச்சு விட்டிருக்கோம் அத கூண்டுல போடுங்கன்னு. போட்டோம், படுத்துடுச்சு. ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு, எப்ப முடியலன்னாலும் அவங்ககிட்டயேதான் திருப்பிக் குடுக்கணும், வேற யாருக்கும் கைமாத்தக் கூடாது, விக்கக் கூடாது. சில பேருக்கு அது உறுத்துமாம். எனக்கு அது இருக்குற குழுவத்தான் நம்புவேன்.

யாருக்கு ஒத்து வராதுன்னு கேட்டா, காலைல எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வர்ற வீட்டுக்கு ஒத்து வராது, பூடில் ஆள ஒட்டிக்கிற நாய், தனியா விட்டா அழுது, பக்கத்து வீட்டுலேருந்து புகார் வரும். கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கும் நான் சொல்ல மாட்டேன், எலும்பு தீக்குச்சி கனம், ஒரு தடவ கைநழுவி விழுந்தா கால் உடையும். வீட்டுல ஒரு பெரியவங்க இருந்து, தினம் சாயங்காலம் அரை மணி நேரம் டிவி பாத்துக்கிட்டே சீவி விட ஆள் இருந்தா எடுங்க, நல்லா பன்னண்டு பதினஞ்சு வருஷம் வாழுற ஜாதி, ஏழு வயசுல எடுத்தாலும் பாதி ஆயுசு மிச்சம் இருக்கு. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி கேட்டு, ஜன்னல் கிரில், சர்வீஸ் யார்டு மூணையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இல்லன்னா அத கேட்டு ஒரு மெசேஜ், அதுக்கு பதில், அதுக்கு பதில்னு ரெண்டு வாரம் அதுலயே போயிடும்.